மனக்காயம் பட்ட பிள்ளைகள்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் நடந்து செல்பவர் ஒரு நாழிகைப் பொழுதுக்குள் பல மொழிகளைக் கேட்கலாம். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பண்டகசாலைகளில் குஜராத்தி ஒலிக்கும். திருமலைத் தேவசுவம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் கொங்கணி ஒலிக்கும். சற்றுத் தள்ளிக் கச்சியும் உருதுவும், எங்கும் மலையாளமும், இடையிடையே நம் தமிழும் செவியில் விழும். இவ்வூருக்கு வாணிகம் கருதி வந்தோர் பலர். உயிருக்கு அஞ்சி வந்தோரும் உளர். போர்த்துக்கீசியரின் மதக் கெடுபிடிக்கு ஆற்றாமல் 16-ஆம் நூற்றாண்டில் கோவாவை விட்டுப் புறப்பட்ட கொங்கணியர் பலர் இங்கே அடைக்கலம் பெற்றனர். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழியினர் 1568-இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி இன்றும் நிற்கிறது. பக்கத்தில் உள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில், பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்து வருகின்றன.

அடைக்கலம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தவுடன் நிறைவு பெற்றுவிடுவதன்று. உயிர் தப்பியவரின் உள்ளத்தில் அச்சம் தங்கிவிடுவது உண்டு. அந்த உள்ளம் ஒரு பிள்ளையின் உள்ளமாக இருந்தால், அதற்கு அடைக்கலம் தருவது எவ்வாறு? இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்டுள்ள பொருள்.

இப்பொருளை நாடும்படி நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், இப்பகுதி மருத்துவமனை ஒன்றின் புறநோயாளர் பிரிவில் வேறு காரியமாக அமர்ந்திருந்தோம். தமிழ்ப் பெண்மணி ஒருவர், ஐந்து வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவர் முன் இருந்தார். குடியிருந்த பழைய வீட்டின் ஒரு பகுதி மழையில் இடிந்து விழுந்த நாளிலிருந்து பையன் பேச்சை விட்டுவிட்டான். தாய்க்கு மலையாளம் வராது. மருத்துவருக்குத் தமிழ் சரியாகப் புரியவில்லை. ஆகவே பத்து வயது மகள் இருவருக்கும் நடுவில் நின்று, தாய் சொன்னதை மலையாளத்திலும் மருத்துவர் கேட்டதைத் தமிழிலும் கூறிக்கொண்டிருந்தாள். சுவர் சரிந்தது, பாட்டி அடியில் சிக்கியது, கூக்குரல் கேட்டது, எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பது போல் தெளிவாகச் சொன்னாள். 'அப்போது நீ எங்கே இருந்தாய்?' என்று மருத்துவர் தற்செயலாக ஒரு கேள்வி கேட்டார். சிறுமி பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாம் எழுந்து சென்று மீதிப் பேச்சை மொழிபெயர்த்துக் கொடுத்தோம். பையனுக்குச் சீட்டு எழுதப்பட்டது. அடுத்த வாரம் வருமாறு நாளும் குறிக்கப்பட்டது. அந்தச் சிறுமியைப் பற்றி எவரும் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் கேட்கவில்லை. வீடு திரும்பிய பிறகுதான், அங்கே நின்ற நோயாளர் இருவர் என்பது நமக்கு விளங்கிற்று.

மனக்காயம் என்று எதைச் சொல்கிறோம்? தன்னுடைய உயிருக்கோ உடலுக்கோ, தன் அன்புக்குரியவர்க்கோ பெருந்தீங்கு நேர்வதைக் கண்டு, அதைத் தாங்கும் வலிமையை உள்ளம் இழந்துவிடும் நிலையே மனக்காயம். வெள்ளம், தீ, நிலச்சரிவு, விபத்து, போர் ஆகியவற்றால் இது நேரலாம். வீட்டுக்குள்ளேயே நாள்தோறும் நடக்கும் அடிதடி, பாலியல் வன்கொடுமை, பெற்றோரின் பிரிவு, பட்டினி ஆகியவற்றாலும் நேரலாம். ஈழத்துத் தமிழ் மருத்துவர்கள் இதற்கு 'மனவடு' என்னும் அழகிய சொல்லை வழங்குகின்றனர். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அப்பெயரிலேயே நூல் எழுதினார். ஆறிய பிறகும் தழும்பு நிற்கும் என்ற உண்மை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 'பிள்ளை பயந்திருக்கிறது' என்று பாட்டிமார் சொல்லும் சொல்லில் நோய்க்குறி சரியாகவே அமைந்திருக்கிறது. மடியில் கிடத்தித் திருநீறு பூசுவதிலும், உறவினர் சூழ இருப்பதிலும் ஆறுதல் உண்டு. ஆனால் அதோடு நின்றுவிட்டு, மாதக் கணக்கில் வாடும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது தவறு.

மருத்துவ உலகமும் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. போரில் கலங்கிய படைவீரரைக் கோழைகள் என்று இகழ்ந்த காலம் இருந்தது. 1980-இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் 'அதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய்' என்பதை முதன்முறையாகச் சேர்த்தது. 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய இரு மருத்துவர்களும் அவர்களுடைய தோழர்களும் சான் டியேகோ நகரில் 9,508 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். பிள்ளைப் பருவத்தில் அடி, அவமதிப்பு, வீட்டில் குடிப்பழக்கம், தாய் தாக்கப்படுதல் போன்ற கொடுமைகளுள் ஒன்றையேனும் அனுபவித்தோர் பாதிக்கு மேற்பட்டோர் என்று அது கண்டது. நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தோர்க்குக் குடி, போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் இடர், இவற்றுள் ஒன்றையும் அனுபவியாதவரைக் காட்டிலும் 4 முதல் 12 மடங்கு வரை மிகுதியாக இருந்தது. சிறு வயதில் பட்டது சிறு வயதோடு மறைந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு இந்த ஆய்வு முற்றுப்புள்ளி வைத்தது.

உடலுக்குள் நடப்பதை ஓர் அலுவலக உவமையால் விளக்குவோம். நம் மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி காவற்காரனைப் போன்றது. ஆபத்தைக் கண்டதும் அது மணியடிக்கும். உடனே அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் இரத்தத்தில் கலந்து, நெஞ்சு படபடக்கும், தசைகள் முறுக்கேறும், ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகும். இரண்டும் இயலாத சிறு பிள்ளை உறைந்து நின்றுவிடும். ஹிப்போகாம்பஸ் என்னும் மற்றொரு பகுதி பதிவேட்டுக் குமாஸ்தாவைப் போன்றது. நடந்ததை நாளும் இடமும் குறித்துக் கட்டி அடுக்கி வைப்பது அதன் வேலை. பேரச்சத்தின்போது இந்தக் குமாஸ்தாவின் வேலை தடைப்படுகிறது. ஆகவே அந்த நிகழ்ச்சி நாள் முத்திரை இல்லாத கோப்பாக மேசை மீதே கிடக்கிறது. ஒரு வாசனை, ஓர் ஓசை, ஒரு சொல் வந்து மோதியதும் கோப்பு தானே திறந்துகொள்கிறது. என்றோ நடந்தது இன்று, இப்பொழுது நடப்பது போல் பிள்ளை நடுங்குகிறது. கூரையில் மழை விழும் ஓசையைக் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளியும் பிள்ளை அடம் பிடிக்கவில்லை. அதன் காவற்காரன் இன்னும் மணியை நிறுத்தவில்லை என்பதே காரணம்.

இந்தத் துன்பம் வயதுக்கு வயது வேறு வேடம் பூண்டு வரும். சிறு குழந்தைகள் விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையை நனைத்தலை மீண்டும் தொடங்கும், தாயின் சேலைத் தலைப்பை விடாமல் பற்றும், பேச்சுக் குறையும், கண்ட விபத்தையே திரும்பத் திரும்ப விளையாட்டாக நடிக்கும். பள்ளிச் சிறுவர்க்குக் காரணம் தெரியாத வயிற்றுவலியும் தலைவலியும் வரும். படிப்பில் கருத்துச் செல்லாது. 'என்னால்தான் இது நடந்தது' என்று தம்மையே நொந்துகொள்வதும் உண்டு. பதின்ம வயதினரிடம் இது கோபமாகவும், தனிமையாகவும், ஆபத்தைத் தேடிச் செல்லும் துணிச்சலாகவும், சிலபோது தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதாகவும் வெளிப்படும். இருபது வயதை ஒட்டிய இளைஞர் தூக்கமின்மையையும் எவரையும் நம்ப இயலாமையையும் தம்முள் வைத்துக்கொண்டு, வேலையிலும் விடுதியிலும் நிலைகொள்ளாமல் அலைவர். வெளிப்பார்வைக்கு ஒன்று சோம்பலாகவும், ஒன்று திமிராகவும், ஒன்று ஒழுக்கக்கேடாகவும் தோன்றும். பிரம்பும் வசையும் இவற்றுக்கு மருந்தாகா. காவற்காரனை மேலும் அலறச் செய்வதே அவற்றின் பயன்.

கேரளத்தில் வாழும் தமிழர்க்கு இது ஏட்டளவில் உள்ள செய்தியன்று. 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் மீது மலை சரிந்தது. 70 உயிர்கள் பலியாயின. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர், பிள்ளைகளும் பலர். பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாறு கரை புரண்டு, எர்ணாகுளம் மாவட்டத்தின் ஆலுவா, பறவூர்ப் பகுதிகளை மூழ்கடித்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு விழுங்கியது. பிழைத்த பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தைச் சந்தித்தே தீரவேண்டும். மழையற்ற நாட்டுக்கு அவர்களை அனுப்ப இயலாது. மழையைக் கண்டும் நிலைகுலையாத உள்ளத்தை அவர்களுக்கு மீட்டுத் தரவே இயலும்.

அதை எவ்வாறு மீட்பது? பேரிடர் நடந்த முதல் நாட்களில் வேண்டுவது 'உள முதலுதவி'. உலக சுகாதார நிறுவனமும் துணை அமைப்புகளும் 2011-இல் வெளியிட்ட கையேடு இதனைக் காணல், கேட்டல், இணைத்தல் என்னும் மூன்று சொற்களில் அடக்குகிறது. யாருக்கு உடனடி உதவி வேண்டும் என்று காணுதல். அவர் சொல்ல விரும்புவதைப் பொறுமையாகக் கேட்டல். உணவு, உறைவிடம், உறவினர், மருத்துவம் ஆகியவற்றோடு அவரை இணைத்தல். இங்கே ஒரு பொதுத் தவற்றைச் சுட்ட விரும்புகிறோம். நல்லெண்ணத்தோடு வரும் பலர், 'நடந்ததை எல்லாம் சொல்லி அழுதுவிடு. பாரம் குறையும்' என்று பிள்ளைகளை வற்புறுத்துவர். செய்தியாளரும் ஒலிவாங்கியை நீட்டுவர். இவ்வாறு உடனடியாகக் கிளறிக் கேட்பதனால் நன்மை விளைவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. பதற்றம் தணிக்கும் பென்ஸோடயஸபின் வகை மருந்துகளையும் பேரிடரை அடுத்த முதல் மாதத்தில் பிள்ளைகளுக்குத் தரலாகாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது.

பெரும்பாலான பிள்ளைகள் மருந்தும் சிகிச்சையும் இன்றியே தேறிவிடுகின்றனர் என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி. அவர்களுக்கு வேண்டுவன மூன்று: ஆபத்து நீங்கிவிட்டது என்னும் உறுதி, விட்டு நீங்காத ஒரு பெரியவரின் துணை, நாள்தோறும் மாறாத நடைமுறை. உரிய நேரத்தில் சோறு, குளியல், விளையாட்டு, உறக்கம், பள்ளி ஆகியவை சாதாரணமாகத் தோன்றினும், அஞ்சிய உள்ளத்துக்கு அவையே நங்கூரம். வயநாட்டு நிலச்சரிவில் பாழான பகுதியின் வெள்ளார்மலை, முண்டக்கைப் பள்ளிகள், அவ்வாண்டு செப்டம்பர் 2 அன்றே மேப்பாடியில் மீண்டும் தொடங்கப்பட்டமை இக்காரணத்தால்தான் சிறப்புடையது. கரும்பலகையும் மணியோசையும் பக்கத்து நண்பனும் திரும்பக் கிடைத்தால், வாழ்க்கை நின்றுவிடவில்லை என்பதைப் பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும்.

ஒரு மாதத்துக்கு மேலும் அச்சமும் கெட்ட கனவும் தொடர்ந்தால், தேர்ந்த சிகிச்சை வேண்டும். பிள்ளைகளுக்கான சிகிச்சைகளுள் மிகுதியாக ஆராயப்பட்ட ஒன்றை ஜூடித் கோஹென், ஆந்தனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவர் அமெரிக்காவில் வகுத்தனர். மனக்காயத்தை மையமாகக் கொண்ட எண்ண, நடத்தைச் சிகிச்சை என்று அதனைக் கூறலாம். பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகளில் அது நடைபெறும். பெற்றோரும் உடன் பங்குகொள்வர். முதலில், தனக்கு நேர்ந்தது ஒரு பெயருள்ள துன்பம், தன் குற்றமன்று என்பதைப் பிள்ளை அறிகிறது. அடுத்து மூச்சை நிதானமாக விடவும், தசைகளைத் தளர்த்தவும், 'கோபம்', 'வெட்கம்', 'பயம்' என்று உணர்ச்சிகளுக்குப் பெயரிடவும் பழகுகிறது. இந்தப் பிடிமானம் கிடைத்த பின்னரே, நடந்ததைச் சிறிது சிறிதாகப் படமாகவோ கதையாகவோ சொல்லத் தொடங்குகிறது. 'என்னால்தான் பாட்டி இறந்தாள்' என்பது போன்ற தவறான எண்ணங்கள் அப்போது வெளிப்பட்டுத் திருத்தம் பெறுகின்றன. இறுதியில் பிள்ளை தன் கதையைப் பெற்றோரிடமே சொல்கிறது. நம் உவமையில் கூறினால், மேசை மீது கிடந்த கோப்புக்கு நாள் முத்திரை இடப்பட்டு, அது அடுக்கில் சேர்கிறது. நிகழ்ச்சி மறக்கப்படுவதில்லை, அது நேற்றைய நிகழ்ச்சியாகிவிடுகிறது.

இவை மேலைநாட்டு மருத்துவமனைகளுக்கு மட்டுமே உரியன என்று எண்ணவேண்டா. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய சில வாரங்களுக்குள், முன்னரே போரால் நலிந்த இலங்கையின் வடகிழக்கில் 8 முதல் 14 வயது வரை உள்ள 31 பிள்ளைகளுக்கு ஜெர்மானிய அறிஞர் குழு ஒன்றும் உள்ளூர் ஆலோசகர்களும் சேர்ந்து சிகிச்சை அளித்தனர். ஒரு பிரிவினர் ஆறு அமர்வுகளில் தம் வாழ்க்கைக் கதையை வரிசைப்படுத்திச் சொன்னார்கள். மறு பிரிவினர் ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற் பிரிவில் நூற்றுக்கு 81 பேரும், இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 71 பேரும் நோய் நீங்கியிருந்தனர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே இப்பணியைச் செய்தனர் என்பது கருதத்தக்கது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. பயிற்சியும் பொறுமையும் பிள்ளைக்குப் புரியும் பேச்சுமே தேவைப்பட்டன.

மேற்கூறியவை உளநல நிபுணரின் அறைக்குள் நடப்பவை. பிள்ளையோ வாரத்தில் ஒரு மணி நேரந்தான் அவ்வறையில் இருக்கும். எஞ்சிய நேரமெல்லாம் வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் இருக்கும். ஆகவே, பிள்ளையோடு பழகும் அனைவரும் மனக்காயத்தின் இயல்பை அறிந்து நடக்கவேண்டும் என்னும் கருத்து எழுந்தது. அமெரிக்க அரசின் உளநலத் துறை 2014-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு நான்கு கடமைகளை வகுத்தது: மனக்காயம் பரவலானது என்று உணர்தல், அதன் குறிகளை இனங்காணல், அறிந்ததற்கேற்ப நடத்தல், பட்ட புண்ணிலேயே மீண்டும் படாமல் காத்தல். இவற்றின் சாரத்தை ஒரு கேள்வியின் மாற்றமாகவே சொல்லிவிடலாம். 'உனக்கு என்ன கேடு?' என்று கேட்டு வந்த ஆசிரியர், 'உனக்கு என்ன நேர்ந்தது, அப்பா?' என்று கேட்கப் பழகவேண்டும். அதற்குப் பதில் வராவிட்டாலும் காத்திருக்கப் பழகவேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்நோக்கம் புகுந்திருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்ட பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யவேண்டும். பதிவு செய்யும் காவல் அதிகாரி சீருடையில் இருத்தல் கூடாது. பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் நிறுத்தி வைத்தலும் கூடாது. நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பிள்ளை எதிரே காணாதபடி ஏற்பாடு செய்யவேண்டும். சாட்சி சொல்லத் திரும்பத் திரும்ப அழைத்தல் தகாது. பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடல் ஆகாது. பிறமொழி மாநிலத்தில் வாழும் நாம் நினைவிற் கொள்ளவேண்டிய மற்றொரு விதியும் உண்டு. தேவை ஏற்படும்போது தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெற்று வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வுதவியைக் கேட்க நாம் தயங்கவேண்டியதில்லை.

மொழி என்றவுடன் நம் தலையாய கருத்துக்கு வருகிறோம். வெளி மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை இரு மொழிகளில் வாழ்கிறது. கணக்கையும் விளையாட்டையும் பள்ளி மொழியில் பேசும். பசியையும் பயத்தையும் அம்மாவின் மொழியில் பேசும். அஞ்சிய நேரத்தில் வாயில் வரும் சொல் பெரும்பாலும் தாய்மொழிச் சொல்லே. ஆதலால் நிபுணர் எத்துணைத் திறமை உடையவராயினும், பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழி அறிந்த ஒருவர் அருகில் இருத்தல் பெரும் நன்மை தரும். இதற்கு நேர்மாறாகச் சில பிள்ளைகள், வீட்டு மொழியில் சொல்ல நாணும் செய்தியைப் பள்ளி மொழியில் எளிதாகச் சொல்லிவிடுவதும் உண்டு. அன்னிய மொழி அவர்களுக்கு ஒரு திரைபோல் அமைகிறது. எந்த மொழியில் பேசுவது என்னும் உரிமையைப் பிள்ளைக்கே விட்டுவிடவேண்டும்.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யலாகாது. வீட்டின் துன்பத்தை அதிகாரிக்கும் மருத்துவருக்கும் எடுத்துச் சொல்லும் துபாஷி வேலையைப் பிள்ளையின் தலையில் சுமத்தலாகாது. குடும்பத்தில் அந்த ஊர் மொழி நன்றாக அறிந்தவர் பிள்ளை ஒருவரே என்னும் நிலை வெளி மாநிலங்களில் மிகுதி. ரேஷன் கடையிலும் மின்சார அலுவலகத்திலும் பிள்ளை பேசி உதவுவதில் தவறில்லை. அது பெருமையும் தரும். தாயின் நோய், தந்தையின் கொடுமை, தம்பியின் அச்சம், வீட்டில் நேர்ந்த சாவு ஆகியவற்றைப் பிள்ளையின் வாயால் சொல்லச் செய்வது வேறு. மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை தம் உள்ளத்தில் ஏற்றே மறு மொழியில் இறக்குகிறார் என்பதைத் தொழில் அனுபவத்தால் அறிவோம். வளர்ந்தவர்க்கே பாரமான அவ்வேலை, அதே துன்பத்தில் பங்குள்ள பிள்ளைக்கு எத்தகையதாக இருக்கும்! பக்கத்து வீட்டார், தமிழ்ச் சங்கத்து அன்பர், மருத்துவமனையில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர் ஆகியோருள் ஒருவரை அழைத்துக்கொள்வது அரிதன்று. ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும், இத்தகைய நேரங்களில் உடன் செல்லவும் கேட்டதை வெளியே சொல்லாதிருக்கவும் வல்ல நாலைந்து பேரின் பட்டியலை வைத்திருந்தால், ஆண்டு விழா நடத்துவதைக் காட்டிலும் பெரிய தொண்டாக அது அமையும்.

பதின்ம வயதினரையும் இளைஞரையும் பற்றிச் சில சொற்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை எதிரே அமர்த்தி வினவினால் வாய் திறவாது. உடன் நடக்கும்போதும், பேருந்தில் பக்கத்தில் அமர்ந்து செல்லும்போதும் பேச்சு எளிதாக வரும். அதன் இரகசியத்தை மதிக்கவேண்டும்; எனினும் உயிருக்கு ஆபத்தான செய்தியை மறைக்க இயலாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். 'சாகவேண்டும் போல் இருக்கிறது' என்று கூறும் பிள்ளையை மிரட்டவோ, விளையாட்டென்று தள்ளவோ கூடாது. அருகில் இருந்து, வெளிப்படையாக விசாரித்து, அன்றே உதவி தேடவேண்டும். பிழைப்பு நாடி ஊரை விட்டு வந்து, விடுதியிலோ பணிமனையிலோ தனித்து வாழும் இளைஞர்க்குச் சிகிச்சை போலவே தோழமையும் தேவை. வாரம் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துச் சோறிடும் குடும்பம் ஒன்று இருந்தாலே, அவர்களுடைய இரவுகளின் நீளம் குறையும்.

உதவி எங்கே கிடைக்கும்? மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உட்பட 20 மொழிகளில் அங்கே ஆலோசனை கிடைக்கும். ஆகவே எந்த மாநிலத்தில் இருப்பினும் தமிழில் பேச விரும்புவதாகக் கேட்கலாம். ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்கு 1098 என்னும் எண் உண்டு. கேரளத்தில் 1056 என்னும் எண்ணில் 'திசா' சேவை உதவுகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அரசு மருத்துவமனைகளின் வாயிலாக அணுகலாம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம், துன்புற்ற குழந்தைகளுக்காக 2020-இல் 'சம்வாத்' என்னும் தேசியத் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் ஆசிரியர்க்கும் குழந்தை நலப் பணியாளர்க்கும் பயிற்சி அளித்து வருகிறது. மனநல மருத்துவரிடம் செல்வது பைத்தியத்தின் அடையாளம் என்னும் பழைய கூச்சத்தைக் கைவிடுவதே முதற்படி. கால் முறிந்த பிள்ளையை எலும்பு மருத்துவரிடம் தூக்கிச் செல்ல நாம் எவர் பேச்சுக்கும் அஞ்சுவதில்லை அன்றோ?

அடுத்த வாரம் குறிக்கப்பட்ட நாளில் நாம் மீண்டும் அம்மருத்துவமனைக்குச் சென்றோம். தாயும் பையனும் சிறுமியும் வந்திருந்தனர். மொழிபெயர்க்கும் வேலையை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். சிறுமியை வெளியே உள்ள பெஞ்சில் அமரச் சொன்னபோது, அவள் சற்று ஐயத்தோடு, 'அப்போது அம்மா சொல்வதை யார் சொல்வது?' என்று கேட்டாள். 'அது பெரியவர்கள் வேலை, கண்ணு. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றோம். பையனைப் பற்றிய பேச்சு முடிந்ததும், அவனுடைய அக்காளையும் பார்க்கவேண்டும் என்று மருத்துவரிடம் தெரிவித்தோம். அவர் தலையசைத்து, அவளுடைய பெயரில் தனியாக ஒரு சீட்டை எடுத்தார். அவளிடம் நிலச்சரிவையோ சுவரையோ பற்றி எதுவும் கேட்கவில்லை. இரவில் தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேட்டார். சிறிது நேரம் பேசாமலிருந்த சிறுமி, இல்லை என்று தமிழில் சொன்னாள்.

அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. மருத்துவருக்கே அது விளங்கிற்று. நம் வீடுகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கலாம். வாய் திறவாத பிள்ளையோடு, எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிடும் பிள்ளையையும் நாம் ஒருமுறை கவனித்துப் பார்ப்போமாக. பல நாட்டவர்க்கும் இடங்கொடுத்த மட்டாஞ்சேரியைப் போல், நம் பிள்ளைகளின் அச்சத்துக்கும் நம் மடியில் இடம் இருக்கட்டும்.